கருநீலத்துக்கு மசியாத கிளிப்பச்சை

அந்தச் சட்டையை ஒழித்துக்கட்டுவது என்று பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்துவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து என் மனைவியைக் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு அது. உடம்பெல்லாம் புல்லரித்தது. வாய் கொப்பளிக்க மறந்து பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன்.

சட்டையின் நிறம் கிளிப்பச்சை. சாதாரணக் கிளி இல்லை. இப்போதுதான் குளித்துவிட்டு வெயிலில் வந்து உட்கார்ந்த கிளி. என் மனைவியின் தம்பி செல்போன் கடை திறக்கிறான். கடைப் பலகை வெண்ணெய் நிறம், எழுத்து கிளிப்பச்சை. குடும்பத்தில் எல்லோரும் இந்த இரண்டு நிறத்தில்தான் வரவேண்டும், வாசலில் நின்று நோட்டீஸ் கொடுக்கவேண்டும் என்பது அவன் உத்தரவு. அக்காக்காரி அதைச் சட்டமாக்கிவிட்டாள். எனக்குச் சட்டையும் பச்சை, பேன்ட்டும் பச்சை என்றுதான் முதலில் தீர்மானமாயிற்று. பேன்ட் விஷயத்தில் மட்டும் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போராடினேன். என்னிடம் இருக்கும் வெண்ணெய் நிறப் பருத்தி பேன்ட்டே போதும் என்று ஜெயித்தும் விட்டேன்.

இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று நீங்கள் கேட்கலாம். கடை திறப்பது என் ஆபீசுக்கு நேர் எதிரே. எங்கள் கேஷியர் ஒரு நாள் ரத்தச் சிவப்பில் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அவருக்குத் 'தக்காளி' என்று பெயர் வைத்தது அடியேன்தான். இன்றைக்கு மேனேஜர்கூட அவரை அப்படித்தான் கூப்பிடுகிறார். அந்தத் தக்காளி ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்துகொண்டு, நான் எப்போது சறுக்குவேன் என்று காத்திருக்கிறார். கிளிப்பச்சையில் அவர் கண்ணில் பட்டால் நான் ரிட்டயர் ஆகும்வரை கிளிதான். பிரிவுபசார மாலையில்கூடக் கொய்யாப்பழம் வைத்துக் கட்டுவார்கள்.

சட்டை வாங்கிய அன்றே எனக்குப் பகீரென்றது. என் மனைவிக்கு ஒரு வழக்கம் உண்டு. துணி எடுத்து வந்தால் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டிப் பார்ப்பாள். கடைக்காரர் சத்தியம் பண்ணினாலும் நம்ப மாட்டாள், அடுப்பைத்தான் நம்புவாள். அன்றைக்கும் பச்சை நூலை எரித்தாள். அது சுருண்டு, ஒரு சின்னக் கறுப்பு மணியாக உருண்டது. அதை நகத்தால் தட்டிப் பார்த்து, "ரொம்ப நல்லதாப் போச்சு" என்று சிரித்தாள். பெண்களுக்கு ஆயிரம் பொழுதுபோக்கு என்று நான் பேப்பரைப் புரட்டினேன்.

வழி தானாகப் பிறந்தது. ஜன்னல் திரைகளும் சோபா உறையும் வெளுத்துப்போய்விட்டன. அவற்றுக்குச் சாயம் போடக் கருநீலப் பொடி வாங்கி வந்து, அலமாரியில் என் கண்ணுக்கு நேராக வைத்திருந்தாள். தம்பி கடையில் சாமான் அடுக்கவே பொழுது சரியாக இருக்கிறது, இதற்கு எங்கே நேரம் என்று என் காதுபடப் பெருமூச்சு விட்டாள். பொட்டலத்தைப் பார்த்தேன். சட்டையை நினைத்தேன். கருநீலம் ஏறிய கிளிப்பச்சையை எந்தத் தக்காளியாலும் கண்டுபிடிக்க முடியாது.

"நான் போடறேன்" என்றேன்.

"நீங்களா? சாயமா?"

"ஏன், நான் போடக்கூடாதா?"

"போன வாரம் பால் காய்ச்சச் சொன்னேன்."

"அது பால். இது பொங்காது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். கொதிக்கும் தண்ணீரில் பொடியையும் உப்பையும் கரைக்கவேண்டும். துணியை நனைத்துப் பிழிந்துதான் உள்ளே விடவேண்டும். கிளறிக்கொண்டே இருக்கவேண்டும், கை நின்றால் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். கடைசியில் நன்றாக அலசவேண்டும். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"வேற எதையும் உள்ள போட்டுடாதீங்க. கொடியில பச்சைச் சட்டை காயுது. பத்திரம்."

காவல்காரரே சாவியைக் கையில் கொடுத்துவிட்டுப் போனதுபோல இருந்தது. அவள் தலை மறைந்ததும் பால்கனியில் ஒரு முறை குதித்தேன்.

கொடிக்குக் கீழே பெரிய தொட்டியை வைத்தேன். கொதிநீர் கொட்டி, பொடியைத் தூவினேன். அடடா. ஒரு சிட்டிகைக்கு அவ்வளவு நீலமா? முதல் திரையை உள்ளே விட்டேன். பருத்தி இருக்கிறதே, அது வெட்கமே இல்லாமல் குடிக்கும். சோபா உறை தடித்த துணி. முதலில் முறைத்துக்கொண்டு மிதந்தது, பிறகு மூச்சுவிட்டுக்கொண்டு முங்கியது. பெட்டியடியில் கிடந்த அவளுடைய பட்டுத் துப்பட்டா ஒன்றையும் ஆசையில் நனைத்தேன். அது மினுங்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கே கை தட்டத் தோன்றியது. முழங்கைவரை நீலம். மூக்கில் நீலம். இத்தனை வருஷம் கணக்கு எழுதி வீணாய்ப்போனேனே, சாயப்பட்டறை வைத்திருக்கலாமே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஒரு கட்டத்தில் சட்டையைக்கூட மறந்துபோனேன். திரைகளை அலசிப் பால்கனிக் கம்பியில் காயப்போட்டபோதுதான் ஞாபகம் வந்தது.

பக்கத்து பால்கனியில் மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். வீட்டுக்குள் என்னைப் போலவே அடக்கமானவர். அதனால் அவரிடம் எதையும் மறைப்பதில்லை. திட்டத்தைச் சொன்னேன். கொடி அறுந்து சட்டை தொட்டிக்குள் விழுந்துவிட்டது என்பேன், அவ்வளவுதான். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"சட்டை மட்டும் விழுந்தா யாரு சார் நம்புவா?"

"பின்ன?"

"உங்க துணியும் விழணும். உங்களுக்கும் நஷ்டம் ஆகணும். அப்பத்தான் அது விபத்து."

என்ன மூளை. இந்த மனிதர் இருமல் மருந்து விற்றுக்கொண்டிருக்கிறாரே என்று வருத்தமாக இருந்தது. ஓடிப்போய் என் டெரிகாட்டன் சட்டையையும் வெண்ணெய் நிற பேன்ட்டையும் கொண்டுவந்து பச்சைச் சட்டைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். புதிதாகக் கொதிநீர் ஊற்றி, மிச்சமிருந்த பொடி முழுவதையும் கொட்டினேன். காய் நறுக்கும் கத்தியை எடுத்தேன். சதக். மூன்றும் பொத்தென்று விழுந்தன. சாட்சிக்கு நான் இருக்கேன் என்றார் மருந்துக்கடைக்காரர்.

கிளறினேன், அப்படிக் கிளறினேன். பேன்ட் கருநீலத்தில் ராஜாவாக வந்தது. டெரிகாட்டன் சட்டை கலப்புத் துணி. பாதி ஏற்று, பாதி மறுத்து, ஜுரம் கண்ட சாம்பல் நிறத்தில் நின்றது. பச்சைச் சட்டையைத் தூக்கினேன். நீலம் சொட்டச்சொட்ட வந்தது. பச்சை ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை. அலசினால் பிடித்த நிறம் போய்விடுமோ என்று பயந்து, அலசாமலே தனியாக ஓர் ஆணியில் மாட்டினேன்.

அவள் தம்பியோடு திரும்பி வரும்போது திரைகள் ஜன்னலில் ஆடிக்கொண்டிருந்தன. வாசலிலேயே நின்றுவிட்டாள். ஒரு திரையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். ஒரு திட்டு இல்லைங்க, கடையிலகூட இப்படிப் போட மாட்டாங்க என்றாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அந்த ஜோரில், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கொடி அறுந்த சோகத்தைச் சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. கயிற்று நுனியை எடுத்து விரலால் தடவினாள்.

"அறுந்த கயிறு நூல்நூலாப் பிரியும். இது வெண்டைக்காய் நறுக்கின மாதிரி இருக்கே."

"காத்தும்மா" என்றார் பக்கத்து பால்கனி சாட்சி. "கண்ணால பாத்தேன். அப்படி ஒரு காத்து."

"இன்னிக்கு ஒரு இலை அசையலையே சார்."

"அப்ப நான் பாக்கலைம்மா" என்று அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவள் ஆணியிலிருந்து சட்டையை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள். நீலம் ஓடிற்று. இன்னும் ஓடிற்று. அடியிலிருந்து பச்சை எழுந்து வந்தது. முன்னைவிடப் பளபளப்பாக, நன்றாக ஓய்வெடுத்துவிட்டு வந்ததைப்போல வந்தது. என் சாயம்தான் வெளுத்தது, சட்டையின் நிறம் இம்மியும் அசையவில்லை.

"இது முழுக்கப் பாலியஸ்டர்ங்க. இந்தப் பொடி இதுல ஒட்டாது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நூலை எரிச்சுப் பாத்தேனே. பருத்தின்னா சாம்பலாகும், இது உருகி மணியாச்சு. பச்சைச் சட்டைன்னு சொன்னதும் நீங்க முழிச்ச முழியிலயே தெரிஞ்சுது, என்னவோ பண்ணப்போறீங்கன்னு. அதான் எதுக்கும் அசையாத துணியா எடுத்தேன். அப்படியே திரைக்குச் சாயம் போடவும் ஒரு ஆள் வேண்டியிருந்துச்சு."

நான் சோபாவில் உட்கார்ந்தேன். நானே சாயம் போட்ட உறை. அந்த நிலையிலும் நிறம் நன்றாக ஏறியிருக்கிறதே என்று ஒரு கணம் பெருமையாக இருந்தது. போகட்டும், மேலேதானே பச்சை, கீழே வெண்ணெய் நிறம் இருக்கிறது, பாதிக் கிளியோடு தப்பித்தேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். அப்போது மைத்துனன் பால்கனியிலிருந்து பேன்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதிலிருந்து கருநீலம் சொட்டிக்கொண்டிருந்தது.

"மாமா, இந்தக் கலர் கடைப் பலகையிலயே இல்லையே. நாளைக்கு எதைப் போட்டுக்குவீங்க?"

என் மனைவி உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. மடிப்புக் கலையாத ஒரு கிளிப்பச்சை பேன்ட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

"இதையும் எரிச்சுப் பாத்துட்டேங்க."