சாய்வதற்கல்லாத திண்டுகள்

திண்டு அடுக்கிகள் என்றோர் இனம் உண்டு, அறிவீர்களா? சோபா மனிதர் அமர்வதற்கன்று, திண்டுகள் குடியிருப்பதற்கே என்பது இவ்வினத்தாரின் சித்தாந்தம்.

இல்சான் நகரத்து அடுக்ககம் ஒன்றில் புதிதாகக் குடியேறியுள்ள கும்ரான் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் வெள்ளை, தரை வெளிர்மரம், ஆகவே வீடு வட ஐரோப்பியப் பாணி என்று முடிவுகட்டி, அப்பாணிக்குப் பொருந்துவது கடுகு மஞ்சளா சாம்பல் நிறமா, பருத்தியா பின்னலா என்று கடை கடையாக ஏறி இறங்கி, வாங்கியதில் பாதியைத் திருப்பிக் கொடுத்து, மீதியைப் பெரியது பின்னே சிறியது முன்னே எனப் பள்ளிக்கூடப் புகைப்படம்போல் நிறுத்தி, ஒவ்வொன்றின் உச்சியிலும் உள்ளங்கை ஓரத்தால் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினால்தான் அவருக்குச் சோறு இறங்கும். அந்தப் பள்ளம்தான் நாகரிகம்!

கணவர் தோசிக் எங்கே உட்காருவார்? தரையில்தான். இங்கே எல்லோரும் சோபா வாங்குவதே, அடியில் சூடேற்றிய கதகதப்பான தரையில் அமர்ந்து சோபாவில் முதுகைச் சாய்க்கத்தானே! ஆனால் சாய்ந்தால் திண்டு கலையும். ஆகவே அவர் சுவரோரம்.

புதுமனை விருந்துக்கு நாத்தனார் மல்சூன் வந்தார். கல்யாணமான நாள்முதல் கும்ரானை ஒருமுறைகூடப் பாராட்டாத வாய் அது. அதிலிருந்து ஒரு நல்ல சொல் உதிரவேண்டும். இத்தனை திண்டும் அதற்காகவே.

புதுமனைக்குக் கொடுப்பது இவ்வூர் வழக்கமாகிவிட்ட கழிப்பறைக் காகிதக் கட்டைப் பரிசாகத் திணித்துவிட்டு, மல்சூன் சோபாவை நோட்டமிட்டார்.

"டேய் தோசிக், உன் பொண்டாட்டி குஷன் கடை வச்சிருக்காளா?"

"தொட்டுடாதக்கா. எனக்கே அனுமதி இல்ல."

"நீங்க சும்மா இருங்க! அண்ணி, இது வட ஐரோப்பா பாணி."

"ஏம்மா, அந்த ஊர்க்காரனுக்கெல்லாம் முதுகே கிடையாதா?"

உண்டு முடித்ததும் மல்சூன் கடுகு மஞ்சளை உருவினார்; இரண்டாக மடித்தார்; தலைக்கு வைத்துத் தரையில் காலை நீட்டிப் படுத்தார். குறட்டை!

மாலையில் எழுந்தவர் சோம்பல் முறித்தார். "கும்ரான், என் வீட்டுலகூட இப்படி அசந்து தூங்கினதில்ல. நல்லா வச்சிருக்கே வீட்ட."

தவம் பலித்த கணம்! கும்ரான் கேட்டாரா? எங்கே! எச்சில் கறை படிந்த திண்டை இரு விரலால் தூக்கிப் பிடித்து, "ஐயோ, இந்த நிறம் கடையில தீந்துபோச்சே!" என்று பதறிக்கொண்டிருந்தார். தமக்கையை வழியனுப்ப தோசிக் மட்டுமே வாசல்வரை போனார்.

சிரிக்கிறீர்களா, வாசகரே? நல்லது. உங்கள் வீட்டுக்குக் கடைசியாக வந்த விருந்தினர் என்ன சொல்லி விடைபெற்றார்? நினைவில்லையா? அப்போது உங்கள் கை எதைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தது?