பஜ்ஜி வரிசையின் கடைமடை

வாழ்க, கடைசியில் நிற்பதில் முதல்வனாக விழைந்த வீரன் ரெமிஜியஸ்! எல்லா வயலும் குடித்து மீந்தால் மட்டுமே ஆற்றுநீர் எட்டிப்பார்க்கும் வேதாரண்யக் கடைமடையில் பிறந்து, காத்திருத்தலைக் குலவித்தையாகப் பயின்ற அக்கோமானின் புகழைப் பாட, காவிரித்தாயே, வழக்கம்போல் தாமதமாகவேனும் வந்து என் நாவில் அமர்க!

சுனாமிக்கு மறு ஆண்டு, கடற்கரையெங்கும் தொண்டு நிறுவனப் பெயர்ப்பலகைகள் சவுக்குத்தோப்பென முளைத்த காலத்தில், அத்துறைக்குத் தலைவர்களை வார்த்தெடுக்கும் முதுகலை மாலை வகுப்பொன்று தஞ்சையில் விளங்கிற்று. அதன் மாணாக்கருள் ஒருவருக்கு டாக்காவில் ஆறு மாதப் பயிற்சி. பாஸ்போர்ட் உடையோர் மூவரே: ரெமிஜியஸ், அன்சார், ஷமீரா. தங்கை பிரின்ஸியைக் குவைத்துக்கு ஏற்றிவிடத் திருச்சி விமான நிலைய வாசல்வரை பெட்டி சுமந்தவன் ரெமிஜியஸ். சவூதிக்குப் பறந்த அண்ணன்மார் அனைவருக்கும் கையசைத்தே தோள் தேய்ந்தவன் அன்சார். இருவர் பாஸ்போர்ட்டிலும் ஒரு முத்திரை இல்லை.

"உண்மைத் தலைவர் கடைசியில்தான் உண்பார்! இடைவேளை முடிந்ததும் பெயரை அறிவிப்பேன்!" எனப் பேராசிரியர் முழங்கினார். கல்லூரித் தேநீர்க்கடையில் மூண்டது போர்.

"எனக்குப் பசிக்குதுங்க" என்று ஷமீரா முதல் ஆளாகச் சென்று இரண்டு பஜ்ஜி எடுத்தாள். ஏனையோரும் தின்று கலைந்தனர். எண்ணெய்க்கடல் கடைந்தெடுத்த அமுதம்போல், பொன்மேனி வாழைக்காய்ப் பஜ்ஜி இரண்டு தட்டில் எஞ்சின.

"நீங்க எடுங்க, பாய்" என்று முதல் கணை தொடுத்தான் ரெமிஜியஸ்.

"அட, நீங்க எடுங்க பிரதர். முப்பது நோன்பும் விடாம புடிக்கிறவன் நான். எனக்குப் பசியெல்லாம் ஒண்ணுமில்ல."

"நாங்களும் நாப்பது நாள் தவக்காலம் இருக்கற ஆளுங்கதான்."

அன்சார் ஓரடி பின்வைத்து ரெமிஜியஸுக்குப் பின்னால் நின்றான். ரெமிஜியஸ் ஈரடி பின்வைத்து அன்சாருக்குப் பின்னால் நின்றான். முன்னேறும் படைகளைப் பாடிய புலவர் பலர். புறமுதுகிடுவதே வெற்றியெனக் கொண்ட இப்போரைப் பாடியவர் யார்? (சற்று மிகையோ என்று இருமுறை யோசித்தேன். இருக்கட்டும்.)

கடைக்காரர் வீரையன் சாரணிக் கரண்டியைச் செங்கோலென உயர்த்தினார்: "வரிசைன்னா முன்னாடி வருவாங்க. நீங்க என்னங்க ரிவர்ஸ்லயே போறீங்க? ஆறிப்போவுது, நானே தின்னுடுவேன்!"

அவ்வோலம் செவி ஏறாது, சைக்கிள் நிறுத்தத்தைக் கலக்கி, கல்லூரி வாயிலைக் கடந்து, பேருந்துக்கு நின்றோரைப் பிளந்து, நண்டுகளும் நாணும் நடையில் பின்வாங்கிப் பின்வாங்கி, ஊரூடே ஓடும் புதாறு என்னும் கால்வாயின் கரை எய்தி, இனிப் பின்வைக்க நிலமில்லை என்றானபோது, ரெமிஜியஸ் படித்துறையில் இறங்கி முழங்கால் நீரில் நின்று "கடைசி நானே!" என ஆர்க்க, அன்சார் இடுப்பளவு நீரில் நின்று "இல்லை, யானே!" என எதிர்முழங்க, திசை எட்டும் அதிர்ந்தன.

அதற்குள் மணி அடித்துவிட்டதால், வகுப்பில் உட்கார்ந்திருந்த ஷமீராவை டாக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள்.