சிங்கப்பூரில் துண்டு போட்ட அரைமணி அண்ணன்

காத்திருக்கிற நேரத்தை அரைமணி அண்ணன் மாதிரி வேலை வாங்கிய மனிதர் இந்த உலகத்தில் வேறு யாரும் கிடையாது. அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று மைசூரில் எங்கள் சென்ட்ரிங் கோஷ்டியில் ஒருவருக்கும் தெரியாது. எதற்கெடுத்தாலும் "இன்னும் அரமணி இருக்குதல்லப்பா" என்பார். அதுவே பெயராகிவிட்டது.

குண்டலுபேட்டை பஸ் கிளம்பக் கொஞ்சம் தாமதமானால் போதும். தோளில் கிடக்கும் துண்டை ஜன்னல் வழியாக சீட்டில் வீசிவிட்டுக் காணாமல் போவார். சவரம் செய்துகொள்வார். செருப்புக்குத் தையல் போட்டுக்கொள்வார். பஸ் ஸ்டாண்டில் சண்டை போடும் புருஷன் பெண்டாட்டியைச் சமாதானம் செய்து, அவர்கள் செலவில் காபியும் குடித்துவிட்டு வருவார். ஒருமுறை மச்சினன் மகளுக்கு மாப்பிள்ளையே பார்த்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை அந்த பஸ்ஸின் கண்டக்டர்தான். அதனால் பஸ்ஸும் நின்றது. கல்யாணத்தில் பாயசம் தண்ணியாக இருந்தது. அதை விடுங்கள்.

"துண்டு கெடக்கற சீட்ட உட்டுட்டு எந்தக் கண்டக்டரப்பா வண்டி எடுப்பான்?" என்பார். அவ்வளவு நம்பிக்கை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களுக்குப் புருனேயில் கட்டட வேலை கிடைத்தது. மெட்ராஸில் விமானம் ஏறி சிங்கப்பூரில் இறங்க வேண்டும். அங்கே அரை நாள் உட்கார்ந்திருந்து அடுத்த விமானம் பிடிக்க வேண்டும். "பிளேன விட்டீங்கன்னா வேலை போச்சு" என்று ஏஜெண்ட் மிரட்டி அனுப்பியிருந்தார். நாங்கள் விமானம் ஏறும் கேட்டுக்கு எதிரே நாற்காலியில் பசை போட்டதுபோல உட்கார்ந்துவிட்டோம். ஒன்றுக்குப் போகக்கூட பயம்.

அண்ணன் ஒரு நாற்காலியில் துண்டை விரித்தார்.

"வண்டி எடுக்கற மாதிரி தெரிஞ்சா, இங்க துண்டு கெடக்குதுன்னு சொல்லுப்பா."

"அண்ணா, இது பஸ் இல்ல!"

"எதுவானாலும் டிரைவர்னு ஒருத்தன் இருப்பானல்ல?"

போனவர் முதலில் சென்ட்டுக் கடையில் மாதிரிக்கு வைத்திருந்த எல்லா பாட்டிலையும் மேலே அடித்துக்கொண்டார். பக்கத்தில் வந்தபோது ஒரு கல்யாண மண்டபமே நடந்து வருவதுபோல இருந்தது. இவர் தொலைந்துவிடக் கூடாதே என்று நான் பின்னாலேயே போனேன். பிறகு கை கழுவும் இடத்தில் சட்டையைக் கழற்றிவிட்டார். அங்கே துப்புரவு வேலை பார்த்த தமிழ் அம்மா ஓடி வந்தார்.

"அண்ணே, இங்க சட்டை துவைக்கக் கூடாது லா!"

"தொவைக்கலம்மா. சும்மா அலசறேன்."

கை காய வைக்கும் மெஷினுக்கடியில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், அந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டார். "எங்கக்கா இந்த ஊர்ல இருக்குதும்மா. கல்யாணமாகி வந்ததோட சரி. நான் அப்ப அர டிராயர். வெளிய போயி ஒரு பார்வ பாத்துட்டு ஓடியாந்தரட்டுமா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது, அந்தச் சட்டையை அவர் எதற்காக அலசினார் என்று.

"விசா இல்லாம விட மாட்டாங்கண்ணே. அவங்கள வரச் சொல்லுங்க. மாடியில கண்ணாடி இருக்கு, அங்கேருந்து பாக்கலாம்" என்று சொல்லி, அந்த அம்மா காசில்லாமல் பேசுகிற போனைக் காட்டினார். அக்காவின் நம்பர் அண்ணனுக்கு மனப்பாடம். மைசூரிலிருந்து பேசத்தான் கட்டுப்படியாகவில்லை. "அக்கா, நாந்தான்" என்றார். அப்புறம் "ம்", "ம்" மட்டும்தான். அந்தப் பக்கம் அழுகிறார்கள் என்று எனக்கே கேட்டது.

அக்காவின் வீடு ஊரின் மறுகோடியில். போன் பேசும்போதே எங்கள் அரை நாளில் பெரும்பகுதி போயிருந்தது. இவர் கண்ணாடிக்குக் கீழே போய் அண்ணாந்து நின்றுகொண்டார். நேரம் போனது, யாரும் வரவில்லை. எங்கள் விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கேட்டில் இருந்த சீனப் பெண் அவர் துண்டை இரண்டு விரலால் தூக்கி ஓரமாகப் போட்டாள். நான் ஓடினேன்.

"அண்ணா, துண்ட எடுத்துட்டாங்க! வாங்க!"

"அக்கா வரலையேப்பா. நீ போயி வண்டியப் புடிச்சு நிறுத்து."

அப்போது மேலே உடம்பு பருத்த ஒரு அம்மா, பேன்ட் சட்டையில், மூச்சு வாங்க வந்து கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்தார். அண்ணன் அவரைத் தாண்டிப் பின்னால் தேடிக்கொண்டிருந்தார். அவர் மனதில் இருந்தது ரெட்டை ஜடையும் மூக்குத்தியும் போட்ட பெண். அந்த அம்மா கண்ணாடியைத் தட்டித் தட்டி, தன் மூக்குத்தியைத் தொட்டுக் காட்டினார். அண்ணன் அசையாமல் நின்றுவிட்டார்.

நான் கேட்டுக்குத் திரும்பி ஓடி, பஸ் படிக்கட்டில் செய்வதுபோல ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து, "பர்த்தாரெ மேடம், பர்த்தாரெ! ஒந்து நிமிஷா!" என்று கத்தினேன். வருகிறார், ஒரு நிமிஷம் என்றுதான் சொல்ல வந்தேன். யூனிபார்ம் போட்டவர்களைக் கண்டால் மைசூர்த் தமிழன் வாயில் கன்னடம்தான் வரும். அந்தச் சீனப் பெண்ணுக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டாள். அதற்குள் அண்ணன் ஈரச் சட்டையோடு ஓடி வந்து சேர்ந்தார்.

விமானம் ஏறி உட்கார்ந்தோம். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"அக்கா ரொம்ப எளச்சுப் போச்சப்பா. நேரத்துக்குச் சாப்படறதில்லையாட்ட இருக்குது."

கண்ணாடி முழுக்க நிறைந்து நின்ற அந்த அம்மாவை ஒருதரம் நினைத்துப் பார்த்தேன்.

"ஆமாண்ணா" என்றேன். "ரொம்பத்தான் எளச்சுட்டாங்க."