சம்பந்தியின் இடுப்பில் சிக்கிய துப்பாக்கி

ஒமாஹாவில் வசிக்கும் அன்பும் மரியாதையும் நிறைந்த லூடீன் அக்காவுக்கு, வயோமிங்கிலிருந்து தம்பி வெண்டெல் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். உன் முழங்கால் வலியும் அத்தானின் முன்கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

எரிவாயு லாரி ஓட்டுவதை விட்டதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை என்பது உனக்குத் தெரியும். "கைக்கு ஒரு வேலை குடுடா, மனசு தானா அடங்கும்" என்று தோல் வேலைக்கான உளிகளையும் கொட்டாப்புளியையும் அனுப்பி வைத்தது நீதானே? மனசு அடங்கவில்லை அக்கா. நான் சாப்பாட்டு மேஜையில் வைத்துத் தட்டத் தட்ட என் வீட்டுக்காரி ஆர்லிஸின் காப்பிக் கோப்பைகள்தான் குதித்தன. துப்பாக்கி உறை ஒன்று செய்து, இந்தப் பக்கத்து வழக்கப்படி அதன்மேல் காட்டு ரோஜாக்களைச் செதுக்கினேன். ஆர்லிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "முட்டைக்கோஸ் தத்ரூபமா இருக்கு வெண்டெல்" என்றாள்.

அதோடு விட்டிருக்கலாம். வரும் சனிக்கிழமை என் மகள் மாரெனுக்குக் கல்யாணமாயிற்றே, சம்பந்தி க்ரோவருக்கு என் கையாலேயே ஓர் உறை செய்து கொடுக்க ஆசை வந்துவிட்டது. கோடைக் கண்காட்சிக் குதிரைப் பந்தயத்தை வானத்தைப் பார்த்து வெற்றுத் தோட்டா சுட்டுத் தொடங்கி வைப்பவர் அவர்தான். அளவு கேட்டால் விஷயம் தெரிந்துவிடும் என்று, ஈரத் தோலுக்குள் என் துப்பாக்கியையே திணித்து வடிவம் எடுத்தேன். தோல் நிழலில் தானாகக் காய வேண்டும். எனக்கு ஏது அந்தப் பொறுமை? உட்கார்ந்தேன், எழுந்தேன், தொட்டுப் பார்த்தேன், கடைசியில் துப்பாக்கியை உருவிவிட்டு உறையை ரொட்டி சுடும் அடுப்புக்குள் வைத்துவிட்டேன். சுருங்கி, மரக்கட்டை மாதிரி இறுகி வெளியே வந்தது. ஆனால் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

பந்தயத்தன்று காலையில் கொடுத்தேன். க்ரோவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே இடுப்பு வாரில் மாட்டிக்கொண்டு, தன் பெரிய துப்பாக்கியை உள்ளே அழுத்தினார், போகவில்லை. "புதுத் தோல், கொஞ்சம் முரண்டு பிடிக்கும்" என்றேன். ஓங்கி ஒரு குத்து விட்டார். போய்விட்டது.

திரும்பி வரவில்லை.

குதிரைகள் வரிசையில் நிற்கின்றன, ஊரே பார்க்கிறது, இவர் இழுக்கிறார், பேன்ட்டு மேலே மேலே வருகிறது. ஒலிபெருக்கிக்காரன் சும்மா இருக்கக் கூடாதா? "க்ரோவர், இன்னிக்கு வர்றது துப்பாக்கியா, பேன்ட்டா?" என்கிறான். நான் பலகாரக் கடையிலிருந்து எண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஊற்றி, ஒரு பக்கம் பிடித்து இழுத்தேன். "விடுய்யா வெண்டெல், கூசுது!" என்று அலறினார். கடைசியில் வெறுங்கையை வானத்துக்கு நீட்டி, "டுமீல்!" என்று வாயாலேயே சுட்டார். பாதிக் குதிரைகள் ஓடின. மீதிப் பாதி அவரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றன. நின்றவற்றில் ஒன்று நம் மாப்பிள்ளையின் குதிரை.

அன்றிலிருந்து க்ரோவர் தொலைபேசியை எடுப்பதில்லை. மாரென் என்னைக் கண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடுகிறாள்; அழுகிறாள் போலிருக்கிறது. கல்யாணம் நின்றுவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இதை எழுதும்போதே வாசலில் எந்த வண்டி போனாலும் எழுந்துபோய் எட்டிப் பார்க்கிறேன். உளிகளையெல்லாம் கொட்டகையில் போட்டுப் பூட்டிவிட்டேன். நீ உடனே கிளம்பி வந்து க்ரோவரிடம் பேச வேண்டும். அவருக்கு உன்னைக் கண்டால் பயம்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். கர்த்தர் உன் முழங்காலையும் என் மானத்தையும் காப்பாராக.

உன் தம்பி,
வெண்டெல்

பின்குறிப்பு: தபால் தலை ஒட்டும்போது ஆர்லிஸ், "யாருக்கு?" என்றாள். உனக்கு என்றும், உன்னை எதற்கு வரச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அவள் நாற்காலியில் சரிந்து சிரித்தாள். மாரெனும் மாப்பிள்ளையும் செவ்வாய்க்கிழமையே நீதிமன்றத்தில் கல்யாணம் செய்துகொண்டார்களாம். சாட்சிகள் ஆர்லிஸும் க்ரோவரும். "உங்கிட்ட சொன்னா நீ மோதிரத்துக்கும் ஒரு உறை தைச்சுடுவேன்னு புள்ளைங்க பயந்துட்டாங்க" என்கிறாள். வாய் தவறி உளறிவிடக் கூடாதென்றுதான் க்ரோவர் தொலைபேசியை எடுக்கவில்லையாம். சனிக்கிழமை வெறும் விருந்துதானாம். ஆகவே அக்கா, அவரிடம் நீ ஒன்றும் பேச வேண்டாம். வந்து என்னைச் சமாதானப்படுத்து. இப்போது கோபத்தில் இருப்பவன் நான்.