பள்ளிக்கூடம் பார்க்கப் போன கேத்தல்

திருகோணமலை,
22.06.1968

மாத்தளைக் கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்க்கும் அன்பு மருமகன் கலீலுர் றஹ்மானுக்கு, மாமா முத்தலிப் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கட மாமி ஆமினா உம்மாவும் ஆண்டவன் கிருபையால் சுகம். அங்கு நீங்களும் மருமகள் நஜ்முன் நிஸாவும் மூன்று பிள்ளைகளும் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆச் செய்கிறோம்.

நிற்க. இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முந்தியே சொன்னனான். உங்களுக்குத் திருகோணமலைக்கு மாற்றம் வரும் என்று போன நோன்புக்கே சொன்னேன், வந்தது. மாற்றம் வந்தவுடன் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பயப்படுவீர்கள் என்று சொன்னேன், பயந்தீர்கள். கடைசியில் எல்லாம் என் கையால் சரிவரும் என்று சொன்னேன். சரிவந்துவிட்டது. ஓம் மகன், உங்கட மகள் அசனாவுக்கு ஆறாம் வகுப்பில் இடம் கிடைச்சிட்டு. வீடும் கிடைச்சிட்டு. நஜ்முன் நிஸாவுக்கு இந்த இடத்தை மட்டும் முதலில் வாசித்துக் காட்டுங்கள். அவ ஒரு பெருமூச்சு விடட்டும். அதுக்குப் பிறகு மிச்சத்தைப் படிக்கலாம், அவசரமில்லை.

பிள்ளைக்கு நல்ல பள்ளிக்கூடம் இல்லாட்டி நான் மாத்தளையை விட்டு அசையமாட்டன், நீங்கள் தனியப் போய்க் கடையில சாப்பிடுங்க என்று அவ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். வாப்பா ஊரில் இல்லாத பொம்புளப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புப் போதும், இனி வீட்டில் இருக்கட்டும் என்று அங்கே பெரியவர்கள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை வாசித்த நாளிலிருந்து மாமிக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கு இறங்கினது, ஆனால் ருசியில்லாமல் இறங்கினது.

நீங்கள் பதினொரு கேள்வி எழுதி அனுப்பின கடதாசி கிடைத்தது. எத்தனை ஆசிரியர், எத்தனை பேர் சோதனையில் சித்தியெய்தினார்கள், விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இருக்கா, அந்தப் பக்கத்துச் சனம் எப்படி, பஸ் எத்தனைக்கு, இப்படியெல்லாம். மகன், கேள்வி கேட்டு ஊரை அறிய ஏலாது. நான் எட்டாம் வகுப்புப் படித்தவன், அதுக்கு மேல கப்பல் திருத்துகிற டொக்யாட்டில் பதினெட்டு வருஷம் வெள்ளைக்காரனோடு நின்றவன். வெள்ளைக்காரன் ஒரு கப்பலுக்குள் ஏறினால் முதலில் பார்க்கிறது சமைக்கிற குசினியை. "முத்தலிப், நீ இல்லாட்டி இந்த ஹாபரை நான் என்னெண்டு நடத்துறது" என்று பெரிய அட்மிரல் ஒருத்தர் என் தோளில் கை வைத்துக் கேட்டது ஊருக்கே தெரியும். ஆகவே நான் எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். ஊரைக் கிணற்றுத் தண்ணியால் அறிய வேணும், பள்ளிக்கூடத்தைக் காதால் அறிய வேணும். தேத்தண்ணி ஊற்றுகிற என் கேத்தலை எடுத்தேன். தேயிலை சுற்றிக்கொண்டு போக நல்ல தடித்த கடதாசி தேடினேன், உங்கட கேள்விக் கடதாசி கைக்கு வாய்ப்பாக இருந்தது. அந்த வகையில் உங்கட பதினொரு கேள்வியும் என்னோடு எல்லா இடமும் வந்தது.

முதலில் தம்பலகாமம். என் கூட்டாளி ஹிஸ்புல்லாவையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். சாட்சிக்கு ஓர் ஆள் வேணுமே. அங்கே தங்கத்துரை என்று வயல் செய்கிற ஒரு கமக்காரர், வாடகைக்குப் பெரிய கல்வீட்டைக் காட்டினார். மகன், அந்த வீட்டுக்குள் உங்கட கச்சேரியையே கொண்டுவந்து வைக்கலாம். கிணற்றில் தண்ணி அள்ளி அவர் குசினியில் கொதிக்க வைத்துத் தேத்தண்ணி ஊற்றினேன். குடித்தேன். முடித்துவிடுவோம் என்று வாய் திறக்கிற நேரம் அந்த மனிசன் சாதுவாக, "அண்ணன், அஞ்சு மணிக்குப் பிறகு மட்டும் வளவுக்குள்ள நடமாடாதேங்கோ, அவர் வருவார்" என்றார். "ஆரு?" என்றேன். "ஆனையார்" என்றார். "எவ்வளவு காலமா வாறார்?" என்றேன். "வீடு கட்டின நாளிலயிருந்து. வாடகை தாறதில்லை, மற்றபடி ஒரு கரைச்சலும் இல்லாத ஆள்."

எங்கட பேச்சு முடிய ஐந்தரை ஆகிவிட்டது. வெளியில் இறங்கினால் வேலி ஓரத்தில் கறுப்பாக மலை போல நிற்குது. ஹிஸ்புல்லா என் சட்டையைப் பிடித்தான். நான் அசையவில்லை. அதுவும் அசையவில்லை. கேத்தலை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு கண்ணோடு கண் பார்த்தபடி அரை மணித்தியாலம் நின்றேன், கடைசியில் அது தோற்றுப்போச்சு. இப்ப ஹிஸ்புல்லா பெரியகடைத் தெரு முழுக்க வேறு மாதிரிக் கதைத்துக்கொண்டு திரிகிறான். அது வைக்கோல் மூடி விட்டிருந்த உழவு மெசினாம். "உழவு மெசினுக்குக் காது ஆடுமாடா?" என்று கேட்டேன். "காத்துக்கு வைக்கல் ஆடும், முத்தலிப் காக்கா" என்கிறான். பொறாமை. எப்படியும் அங்கத்தைய பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி என்று தங்கத்துரையே சொல்லிவிட்டார். போகும்போதே கேட்டிருந்தால் தேயிலை மிச்சம், ஆனால் நான் கேள்வி கேட்கிற ஆள் இல்லையே.

அடுத்தது கிண்ணியா. தோணிகளைச் சேர்த்துக் கட்டி மேலே பலகை அடித்த, பாதை என்கிற மிதவை ஒன்றில் ஏறித்தான் தண்ணியைத் தாண்ட வேணும், உங்களுக்குத் தெரியும். நான் போனது வீடும் பள்ளிக்கூடமும் பார்க்க. இறங்கின இடத்திலேயே உங்கட வாப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி கண்டுவிட்டார். "கேத்தலோட எங்க போறீங்க? எங்கட வீட்டில தேத்தண்ணி இல்லையா?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சோறு வைத்தார்கள். அந்த வீட்டில் சாப்பிட்டது பக்கத்து வீட்டுக்குக் கேட்டு, அவர்கள் கோவித்து, அங்கேயும் சாப்பிட்டேன். அவர்களின் மருமகன் வீட்டிலும் சாப்பிட்டேன். நாலாவது வீட்டில் நான் மறுத்தனான், அழுகிற மாதிரி ஒரு முகத்தைக் காட்டினார்கள், சாப்பிட்டேன். அதுக்குப் பிறகு பாயில் சாய்ந்தது நினைவிருக்கு. எழும்பினால் கடைசிப் பாதை போய்விட்டது. அடுத்த நாள் காலையில் மறுபடி தொடங்கினார்கள். ரெண்டு நாள் நின்றும் ஒரு பள்ளிக்கூடத்தின் மதிலைக்கூட நான் காணவில்லை. கிண்ணியாவில் குறை சொல்ல ஒன்றுமில்லை மகன், அன்பு கூடிப்போச்சு, அவ்வளவுதான். நீங்கள் அங்கே குடியிருந்தால் கச்சேரிக்குப் போகப் பாதையில் ஏறுமுன் எட்டு வீட்டில் காலைச் சாப்பாடு சாப்பிட வேண்டி வரும். பாதை தாழும்.

மிஞ்சினது எங்கட பட்டினம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கடற்கரைப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உள்ளே போகவில்லை, என் முறையில் மதிலில் காதை வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் நின்றேன். நீங்கள் நம்பமாட்டீர்கள். நானூறு பிள்ளைகள், ஒரு சத்தமில்லை. காகம் கத்தினது, ஹாபரில் ஒரு கப்பல் ஊதினது, வேறொன்றும் இல்லை. ஒரு வாத்தியாரின் குரல்கூட இல்லை. பிள்ளைகள் சொல்லாமலே படிக்கிற பள்ளிக்கூடம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓடிவந்து மாமியிடம் சொன்னேன், "ஆமினா, பள்ளிக்கூடமெண்டா அதுதான் பள்ளிக்கூடம்." அவ அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. நிமிரவேயில்லை. "இண்டைக்குப் போயா லீவு" என்றா.

மகன், இது என் பிழை இல்லை. அரசாங்கம் ஞாயிற்றுக்கிழமையைத் தூக்கிவிட்டு, நிலவைப் பார்த்து லீவு விடத் தொடங்கி ரெண்டு வருஷம் ஆகுது. ஒரு கிழமை திங்கள், இன்னொரு கிழமை புதன். டொக்யாட்டில் பழகின உடம்பு எனக்கு, திங்கட்கிழமை என்றால் உலகமெல்லாம் வேலை என்றுதான் அது நினைக்கும். ஆனால் ஒன்று யோசியுங்கள். லீவு நாளில் இவ்வளவு அமைதியாக இருக்கிற பள்ளிக்கூடம் மற்ற நாளில் எவ்வளவு ஒழுங்காக இருக்கும். மாமியிடம் இதைச் சொன்னேன். அவ சுளகைத் தட்டிக் கீழே வைத்தா. "நாளைக்கு நானும் வாறன்" என்றா.

அப்படித்தான் செவ்வாய்க்கிழமை ரெண்டு பேருமாகப் போனோம். மாமி குடையைப் பிடித்துக்கொண்டு வெளிக் கேற்றடியில் நின்றா. நான் நீங்கள் அனுப்பின அசனாவின் றிப்போட்டை எடுத்துக்கொண்டு நேரே பெரிய ரீச்சரின் அறைக்குள் போனேன். இரத்தினேஸ்வரி ரீச்சர், வெள்ளைச் சேலை, மூக்குக் கண்ணாடி, பெரிய கதிரை. றிப்போட்டை ரெண்டு தரம் பார்த்தா. "கெட்டிக்காரப் பிள்ளை" என்றா. பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்தா.

"ஆறாம் வகுப்பில ஒரேயொரு இடம்தான் இருக்கு. நான் ஒண்டு வெளிப்படையாச் சொல்லுறன், கோவிக்கப்படாது. எந்தச் சனமெண்டில்லை, சல்லிக் கிராமத்தில இருந்து வாறதும் அப்பிடித்தான், பட்டினத்துப் பிள்ளையளும் அப்பிடித்தான். சேர்க்கேக்க அழுது சேர்ப்பினம். பிள்ளை பெரிசானவுடன வீட்டில மறிச்சுப் போடுவினம். போன வருஷம் மட்டும் பிள்ளையள் இருந்து படிக்கிற நாலு வாங்கு பாதியில வெறுமையாப் போச்சு. அந்த வாங்கைப் பார்த்துக்கொண்டு படிப்பிக்கிறது லேசில்லை. இந்தப் பிள்ளையை விடமாட்டியள் எண்டதுக்கு என்ன பிணை?"

அப்போது நான் சொன்னேன். இதை நீங்கள் பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி வாசித்துக் காட்ட வேணும். "ரீச்சர், என்னையும் மூண்டாம் வகுப்போட மறிச்சுப் போட்டவங்க. அதுக்குப் பிறகு நான் வாசிச்சது தேயிலைப் பைக்கற்றில இருக்கிற எழுத்து மட்டும்தான். இந்தப் பிள்ளையை நான் விடமாட்டன். ஒவ்வொரு நாளும் நானே கையில பிடிச்சுக் கொண்டந்து விடுவன். எண்டைக்காவது அவள் வராட்டி, அண்டைக்கு நான் வந்து அந்த வாங்கில இருப்பன். அவளைக் கேக்கிற கேள்வியை என்னைக் கேளுங்க. தெரியாட்டி அடியுங்க."

ரீச்சர் கண்ணாடியைத் திரும்ப மாட்டினா. பிறகு மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்தா. "அப்ப எப்பிடியும் வாங்கு வெறுமையா இராது" என்றா. அவ்வளவுதான் மகன், முடிந்துவிட்டது. (மூன்றாம் வகுப்பு என்று சொன்னது சும்மா ஒரு தந்திரம், நான் எட்டாம் வகுப்பு என்பதை மறக்க வேண்டாம்.) விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இருக்கு என்பதையும் அந்த நேரமே கேட்டாச்சு. உங்கட கேள்விகளில் அது ஆறாவது.

வெளியில் வந்தால் தொண்டை காய்ந்துபோச்சு. கேத்தல் கையில்தானே. அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டுப் படலையைத் தட்டி, தேத்தண்ணி ஊற்ற ஒரு கேத்தல் சுடுதண்ணி தாங்க என்று கேட்டேன். கனகம்மா என்று ஓர் அம்மா, தனி ஆள். "றோட்டால போறவை பச்சைத்தண்ணி கேப்பினம். நீங்கள் வந்து அடுப்பே மூட்டச் சொல்லுறியள்" என்று ஏசிக்கொண்டே மூட்டினா. மகன், அந்தக் கிணற்றுத் தண்ணியில் விழுந்த தேத்தண்ணி இருக்கே, ஒரு துளி உப்பில்லை. குடித்துக்கொண்டிருக்கும்போதே தெரிய வந்தது, வீட்டின் மறுபாதி ஆறு மாதமாக வெறுமையாம். ரெண்டு அறை, தனிக் குசினி, கச்சேரிக்கு நடந்தே போகலாம், பள்ளிக்கூட மணி வீட்டுக்குள் கேட்கும். பிள்ளை குட்டி இருக்கிற குடும்பம்தான் வேணும், வளவு செத்துப்போய்க் கிடக்கு என்றா. ஒரேயொரு கட்டளை. கோட்டைப் பக்கத்தில் இருந்து மான் வந்து அவவின் செம்பரத்தையைத் தின்னுமாம். "ஏசலாம். கல்லெறியப்படாது." நான் உங்கள் சார்பில் வாக்குக் கொடுத்துவிட்டேன். ரெண்டாவது மகனைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வாற மாதம் முதலாந்திகதிக்கு எல்லோரும் சேர்ந்தே வாருங்கள். ஆரும் ஆரையும் விட்டுவிட்டு வரத் தேவையில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு திரிந்த மாதிரி இருந்தது, இப்போது இறக்கிவைத்தாச்சு. மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். அங்கே படிப்புப் போதும் என்று கதைத்த பெரியவர்களுக்கும் ஒரு ஸலாம், அதைக் கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள். வரும் வழியெல்லாம் ஆண்டவன் உங்களுக்கு நிழலாக இருப்பானாக. ஆமீன்.

இப்படிக்கு,
உங்கட நன்மையை உங்களுக்கு முந்தியே அறிந்த மாமா,
முத்தலிப்

பின்குறிப்பு: உறை ஒட்டுமுன் வாசித்துக் காட்டச் சொல்லி மாமி கேட்டா. மீன் வெட்டிக்கொண்டே எல்லாம் கேட்டா. அட்மிரலுக்கு ஒன்றும் சொல்லவில்லை, ஆனைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. வாங்குக் கதை வந்தவுடன் கத்தி நின்றது. "அதை ஆரு சொன்னது?" என்றா. கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போச்சு. உங்கட கையெழுத்துக்காக இத்தோடு வைத்திருக்கும் படிவத்தைப் பார்த்தால் உங்களுக்கும் விளங்கத்தான் போகுது. பாதுகாவலர் என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து இல்லை. கேற்றடியில் குடையோடு நின்றது நான். "நீங்க வாயைத் திறந்தா இருக்கிற ஓரிடமும் போயிரும்" என்று சொல்லி அவதான் உள்ளே போனா. கேற்றோடு ஒட்டின அறை, யன்னலும் திறந்திருந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது, தெரிந்தது. மூன்றாம் வகுப்போடு மறித்தது அவவைத்தான். முப்பத்தொரு வருஷம் ஒன்றாக இருந்தும் அவ அதை ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆமினா உம்மா என்று அந்தப் பெயரை எழுதி முடிக்க அவவுக்கு ஒரு கேத்தல் தண்ணி கொதிக்கிற நேரம் எடுத்தது, ரீச்சர் காத்துக்கொண்டிருந்தா. படிவத்தை மடிக்காமல் பத்திரமாகக் கொண்டுவாருங்கள். எனக்கு ஒரேயொரு கவலைதான். முதலாந்திகதியிலிருந்து விடியக்காலையில் அவ அசனாவைக் கூட்டிக்கொண்டு போக வேணுமாம், இனித் தேத்தண்ணியை நானே ஊற்றிக் குடிக்கட்டாம். இன்றைக்கு ஊற்றிப் பார்த்தேன். கேத்தலில் கொண்டுவந்த கனகம்மாவின் கிணற்றுத் தண்ணிதான், ஆனால் மாமி ஊற்றின அந்த ருசி வரவில்லை.