வாசக்காலில் ஆணி அடிக்க அனுமதி வேண்டி

ஜப்பான் நாட்டுத் தச்சர் குரோகி ஐயா அவர்களுக்கு, திருவண்ணாமலை வேங்கிக்காலிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் தருமன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே மழைதான் கம்மி, மற்றபடி எல்லோரும் சுகம். அங்கே பூகம்பம் கம்மியாக இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன்.

உங்களிடம் மூன்று வருஷம் தொழில் கற்று வந்த சுரேஷ்குமார் என் மகன். இந்தக் கடிதத்தை உங்கள் பாஷையில் மாற்றிச் செல்லில் அனுப்பப்போவதும் அவன்தான். அவன்மேல் புகார் சொல்ல அவனைவிட்டால் எனக்கு ஆளில்லை. ஒரு வரியை விட்டாலும் சோறு கிடையாது என்று சொல்லியிருக்கிறேன்.

ஐயா, பிள்ளையை நல்லபடியாகத்தான் அனுப்பினீர்கள், குறையில்லை. ரம்பத்தைத் தள்ளாமல் தன் பக்கம் இழுத்து அறுக்கிறான், ரிவர்ஸ் கியரில் மரம் அறுபடுவதை இப்போதுதான் பார்க்கிறேன். காலையில் உளி தீட்ட உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்கிறான். அவன் இழைத்துத் தள்ளிய சுருளைப் பேப்பர்மேல் போட்டு அதன் வழியாகவே ராசிபலன் படித்தேன், எழுத்து அப்படியே தெரிகிறது, எப்படி ஐயா அது? எங்கள் புது வீட்டுக்கு வாசக்கால் செய்தான். ஓர் ஆணி கிடையாது, மரத்தை மரமே கவ்விக்கொண்டு நிற்கிறது, மூட்டு எங்கே என்று நகத்தால் தடவித் தேடினேன், அகப்படவில்லை. ஊரே வந்து பார்த்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. அங்கேதான் வந்தது வினை. வியாழக்கிழமை கிரகப்பிரவேசம், மாவிலைத் தோரணம் கட்ட இரண்டு பக்கமும் ஆணி அடிக்கலாம் என்று சுத்தியலை எடுத்தேன், பையன் குறுக்கே வந்து நின்றுவிட்டான்.

"இதுல ஆணி அடிக்கணும்னா எங்க குருவைக் கேக்கணும்பா."

"டேய், வூடு என்னுது, ஆணி என்னுது, மாவிலை என்னுது. ஜப்பான்காரரை எதுக்குடா கேக்கணும்?"

சுத்தியலை வாங்கி உள்ளே வைத்துவிட்டான். டேப் போட்டு ஒட்டிப் பார்த்தோம். அவன் தேய்த்து வைத்திருக்கும் வழவழப்பில் டேப் பிடிக்காமல் தோரணம் நழுவி என் மனைவி சரசுவின் தலையில் விழுந்தது. அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள்: "மாவிலை கட்டாத வூட்டுக்குள்ள நான் கால் வைக்க மாட்டேன். நீங்களும் உங்க புள்ளையுமே பால் காய்ச்சிக் குடிங்க."

இன்னொன்றும் கேட்கவேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பட்டறையில் நீங்கள் நிற்கும் போட்டோவைப் பையன் காட்டினான், பெரிதாக்கிப் பார்த்தேன். உங்கள் தலைக்கு மேலே தூணில் ஒரு காலண்டர் தொங்குகிறதே, அது எதில் தொங்குகிறது? எனக்கு ஆணி மாதிரிதான் தெரிகிறது. காலண்டருக்கு ஒன்று ஆகுமென்றால் மாவிலைக்கு இரண்டு ஆகாதா?

உங்கள் கைக்கும் உளிக்கும் அண்ணாமலையார் துணையிருக்கட்டும். வீட்டம்மாவுக்கு சரசுவின் வணக்கத்தைச் சொல்லுங்கள். புதன்கிழமைக்குள் ஒரு வார்த்தை வந்தால் என் குடும்பம் பிழைக்கும்.

இப்படிக்கு,
தருமன்

பி.கு.: காலண்டர் வரிக்கு வந்ததும் பையன் செல்லைக் கீழே வைத்துவிட்டான். "அந்த ஆணி நான் அடிச்சதுப்பா" என்றான். அங்கே போன புதிதில் சட்டை மாட்டுவதற்காக, யாரையும் கேட்காமல் உங்கள் தூணில் அடித்தானாம். நீங்கள் திட்டவே இல்லையாம். பிடுங்கினால் ஓட்டைதான் மிஞ்சும் என்று அதிலேயே காலண்டரை மாட்டிவிட்டு, தினமும் தேதி கிழிக்கும் வேலையை அவனுக்கே கொடுத்துவிட்டீர்களாம். இதற்குப் பிறகு எனக்கும் ஆணி அடிக்க மனசு வரவில்லை. ஆகையால் ஐயா, மேலே கேட்ட அனுமதியைத் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். வியாழக்கிழமை தோரணத்தின் ஒரு முனையை நானும் மறுமுனையை அவனும் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறோம். சரசு சம்மதித்துவிட்டாள், பால் பொங்கி முடியும்வரை இரண்டு பேரும் கையை இறக்கக்கூடாதாம்.