ஆணிக்கடைப் பெரியப்பாவுக்கு ஆணியில்லா வீட்டிலிருந்து

அன்பும் மதிப்பும் மிக்க பெரியப்பாவுக்கு,

வணக்கம். இங்கே நானும் அப்பா அம்மாவும் மொட்டைமாடியில் நிற்கும் வீடும் நலம். அங்கே தாங்களும் பெரியம்மாவும் ஆணிக்கடையும் நலமாக இருக்க வேண்டும்.

நம் குடும்பத்தின் முதல் பட்டதாரி வீடு கட்டுகிறாள் என்று தாங்கள் ஆசையோடு அனுப்பிய ஆணி மூட்டை வந்து சேர்ந்தது. நேரில் சொல்லத் தைரியம் இல்லாததால் எழுதுகிறேன். நான் வடிவமைத்த வீட்டுக்கு ஆணியே கிடையாது. எல்லாம் பிளைவுட். ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் பள்ளத்தில் நுழையும், மேலே ஒரு மர ஆப்பு, அவ்வளவுதான். "எங்கண்ணன் கடைய மூடுறதுக்கா உன்னப் படிக்க வச்சேன்?" என்று அப்பா கேட்டார்.

என் கம்பெனியின் மேலாளர் வந்து பார்க்கும்போது, மாதிரிக்காக மாடியில் கட்டிய இந்தச் சின்ன வீடு ஆணியில்லாமல் நின்றால்தான் எனக்கு வேலை நிரந்தரம். அம்மாவோ, புது வீடாயிற்றே என்று பலகைகளை முந்தின நாளே கழுவி வைத்துவிட்டாள். நாக்கெல்லாம் ஊறிப் பருத்து, பள்ளத்துக்குள் போகமாட்டேன் என்றன. வெயிலில் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து, அப்பா உள்ளேயிருந்து இழுக்க, நான் வெளியேயிருந்து தள்ள, ஒருவழியாகப் பூட்டினோம். எல்லாப் பலகையும் ஒரே அளவு என்பதுதான் என் வடிவமைப்பின் சிறப்பு. அந்தச் சிறப்பால் கதவுப் பலகை கூரைக்குப் போய்விட்டது. அப்பா கூரையைத் திறந்து தலையை நீட்டவும் மேலாளர் படியேறி வரவும் சரியாக இருந்தது.

"கதவு ஏங்க மேல இருக்கு?"

அப்பாதான், "காத்தோட்டத்துக்கு சார்" என்றார்.

எங்காவது ஆணி ஒளிந்திருக்கிறதா என்று மேலாளர் ஒரு காந்தத்தை எடுத்து மூட்டு மூட்டாகத் தடவினார். ஓரிடத்தில் 'டக்' என்று ஒட்டியது. எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால், சுவரில் சாய்ந்து நின்ற அம்மாவின் வளையலில் தொங்கிய ஊக்கு!

"அது என் ஊக்கு சார், வீட்டோடது இல்ல. எம்பொண்ணு பொய் சொல்லமாட்டா."

அவர் சிரித்தபடி சுவரைத் தோளால் முட்டித் தள்ளினார். அசையவில்லை. "வேலை நிரந்தரம்மா. கதவ மட்டும் கீழ இறக்கிடு" என்றார். நான் "சரி சார்!" என்று கத்தியதில் தெருவே அண்ணாந்து பார்த்தது.

ஆகவே மூட்டையை வாய்கூடப் பிரிக்காமல் திருப்பி அனுப்புகிறேன். இந்த வீட்டுக்கு என்றைக்கும் ஆணி தேவைப்படாது. மனம் வருந்த வேண்டாம். பெரியம்மாவுக்கு என் வணக்கம். கடையில் வியாபாரம் பெருகட்டும்.

தங்கள் ஆசியை வேண்டும்,
தம்பி மகள்

பி.கு.: கவரை ஒட்டும்போது காற்று அடித்தது. வீடு ஒரு மூட்டுகூடக் கழலாமல், அப்படியே முழுசாக நகர்ந்துபோய் மாடிப்படியை அடைத்துவிட்டது. உள்ளே இருந்து அம்மா, "அடியே, வீடு கிளம்பிடுச்சுடி!" என்று அலறினாள். மூவரும் அதைத் திரும்பத் தள்ளி, தங்கள் மூட்டையை ஒரு மூலையில் வைத்தோம். அந்த மூலை இப்போது மலைபோல் நிற்கிறது. எனவே மூட்டை திரும்பி வராது. இன்னும் மூன்று மூலைகள் இருக்கின்றன, பெரியப்பா.